நாற்பத்திரண்டடித் தீவின் வரலாறு

அதைத் தீவு என்று முதன்முதலாகக் காகிதத்தில் எழுதியவர் ஊசிக்கல் தோட்டத்துத் துரை. அதுவரைக்கும் அது வெறும் திட்டுதான். இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைக்கு மேலே, ஊசிக்கல் தோட்டத்துக்கும் மூங்கிலாத் தோட்டத்துக்கும் நடுவே ஓடுகிற ஆற்றில், நாலு பாறையும் கொஞ்சம் மண்ணும் ஒற்றைக் காட்டு மரமும் சேர்ந்து கிடந்த இடம். நீளம் நாற்பத்திரண்டு அடி. மழைக்காலத்தில் முப்பத்தொரு அடி. ஆள் கிடையாது, வீடு கிடையாது, பேருக்கு ஒரு தேயிலைச் செடிகூடக் கிடையாது. மாடு மேயப் போனாலும் அரை வயிற்றோடு திரும்பி வரும்.

இந்தப் பெருஞ்சொத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் மூன்று தரப்பார் உரிமை கொண்டாடினார்கள். ஊசிக்கல் துரைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டிரவுட் மீன் பிடிக்கிற பைத்தியம். திட்டில் நின்று தூண்டில் போட்டால்தான் மீன் கடிக்கிறது என்று அவர் கண்டுபிடித்தார். அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் மூங்கிலாத் துரை அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கிளப்பில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள்தான். ஆனாலும் தீவு என்று வந்துவிட்டால் விட்டுக்கொடுக்க முடியுமா? வக்கீல் கடிதங்கள் பறந்தன. பழைய நில அளவை வரைபடத்தைத் தேடி எடுத்தார்கள். அதில் ஆற்றுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. அது தீவா, அல்லது அளந்தவன் பேனாவிலிருந்து சிந்திய மையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சந்தேகம் என்று வந்தபிறகு அரசாங்கம் சும்மா இருக்குமா? தெளிவில்லாத நிலமெல்லாம் முடிக்குரிய அரசாங்க நிலம் என்று அதுவும் ஒரு மனுப் போட்டது. மூன்று தரப்பையும் விசாரித்து, தீவின் வரலாற்றை எழுதி, முடிவு சொல்ல ஒரு கமிஷன் நியமித்தார்கள்.

அந்தக் கமிஷனுக்கு நான் துவிபாஷி. இங்கிலீஷைத் தமிழாக்கி, தமிழை இங்கிலீஷாக்கிக் கொடுக்கிற உத்தியோகம். பேர் சண்முகராஜா. தலவாக்கலைக் கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருந்தவரின் மகன். வயது அப்போது இருபத்தெட்டு. கோட்டுப் போட்டுக்கொண்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும், அப்படியொரு வியாதி எனக்கு இருந்தது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அப்பாவிடம் எடுத்துக் காட்ட ஆயிரம் காகிதம் இருந்தது. தோட்டத்துச் சனங்களிடம் அது ஏது? நாடு சுதந்திரம் அடைந்த கையோடு, நீங்கள் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். வேண்டுமானால் மனுப் போடுங்கள், விசாரிக்கிறோம் என்றார்கள். ஐம்பத்தொன்றில் போட்ட மனுக்கள் ஐம்பத்தைந்திலும் விசாரணைக்குக் காத்துக் கிடந்தன.

ஆனால் தீவுக்கு விசாரணை உடனே வந்தது.

கமிஷனர் கொழும்பில் பெரிய பதவிகள் பார்த்து ஓய்வுபெற்றவர். முதல் அமர்வை ஊசிக்கல் பெரட்டுக் களத்தில் வைத்தார்கள். விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி அன்றன்றைக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் அது. இருநூறு பேரைத் தூறலில் நிற்க வைத்துவிட்டு, தகரக் கூரைக்குக் கீழே நின்று கமிஷனர் பேசினார்.

"கனவான்களே! இந்த நாட்டில் ஆளுள்ள நிலத்தைப் பற்றிக் கவலைப்பட எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆளில்லாத நிலத்துக்கு யார் இருக்கிறார்கள்? நான் இருக்கிறேன். ஆளில்லாத நிலம் அரசாங்கத்துக்குத் தொல்லை கொடுக்காது. பள்ளிக்கூடம் கேட்காது. வாக்குக் கேட்காது. நாலு பேராகச் சேர்ந்துகொண்டு அரசாங்கக் கந்தோர் வாசலில் வந்து நிற்காது. ஒரு நல்ல அரசாங்கம் இப்படிப்பட்ட நிலத்தைத்தான் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வடக்குக் கடலிலும் இப்படி ஒரு தீவு இருக்கிறது. இரண்டு தேசங்கள் அதை எனக்கு உனக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கின்றன. நாளைக்கே அதற்கும் ஒரு கமிஷன் வரும். தீவு விஷயத்தில் அனுபவப்பட்ட மனிதர் யார் என்று அன்றைக்குத் தேடுவார்கள். ஆகையால் இங்கே நாம் அவசரப்படப் போவதில்லை."

என்னைப் பார்த்தார். நான் தமிழில், "ஐயா உங்களையெல்லாம் பார்த்ததில் ரொம்பச் சந்தோஷப்படுகிறார்" என்றேன். சனங்கள் கும்பிட்டார்கள்.

இரண்டாவது அமர்வும் மூன்றாவது அமர்வும் தீவின் நீளத்திலேயே போயின. அளவையாளர் காலையில் அளந்தால் ஒரு கணக்கு, மழை பெய்து மத்தியானம் அளந்தால் வேறொரு கணக்கு. மூங்கிலாத் தோட்டத்துக்காக வாதாடிய அப்புக்காத்து எழுந்து, ஒரு நாளில் இரண்டு நீளம் காட்டுகிற நிலத்தின் நாணயத்தை நம்ப முடியாது என்றார். மழை நிற்கும்வரை ஒத்திவைப்போம் என்று கமிஷனர் சொன்னார். அக்கரப்பத்தனைப் பக்கம் மழை நிற்பதாவது! மூன்று வாரம் குடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பார்த்துவிட்டு, சராசரி எடுத்து எழுதிக்கொண்டார்கள்.

நாலாவது அமர்வுக்கு வரலாற்று நிபுணர் ஒருவர் கொழும்பிலிருந்து ரயிலேறி வந்தார். முன்னொரு காலத்தில் போரில் தோற்ற ராஜா ஒருவர் இந்த மலைப்பக்கமாகத்தான் ஓடியிருக்க வேண்டும் என்றார். ஓடுகிற மனிதருக்குத் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் ஆற்றில் இறங்குவார். இறங்கினால் நிற்க ஓர் இடம் வேண்டும். ஆகவே தீவு அப்போதே இருந்தது.

"ஆதாரம்?" என்றார் கமிஷனர்.

"ஆதாரம் எதுவுமே இல்லை. அதுதான் முக்கியமான ஆதாரம். ராஜா அவ்வளவு ரகசியமாக ஓடினார்."

கமிஷனர் இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்துவிட்டு அதை எழுதிக்கொள்ளச் சொன்னார். நிபுணருக்குச் சோடா கொடுத்தார்கள்.

பிறகு, தீவை இடைவிடாமல் பாவித்து வந்தவர் யார் என்ற கேள்வி வந்தது. மூங்கிலாத் துரையின் நாய் ஒருமுறை வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் அங்கே படுத்திருந்ததாம். நாயின் வசிப்பு எஜமானின் வசிப்பு ஆகுமா என்று ஒரு முழு நாள் வாதம் நடந்தது. நான் வார்த்தை பிசகாமல் அத்தனையையும் தமிழாக்கினேன். கேட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர், "நம்ம ஆளுக நாப்பது வருசமாக் குடியிருக்கோம், நம்மள ஒருத்தனும் கேக்கக் காணோம். நாய் ரெண்டு நாள் படுத்துச்சாம், அதுக்குக் கோர்ட்டு வச்சிருக்கானுக" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அதை நான் இங்கிலீஷாக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அளவையாளர் ஒரு விஷயத்தைக் கொண்டு வந்தார். திட்டில் மரத்தடியில் ஒரு கல் இருக்கிறது, அதில் குங்குமம் இருக்கிறது, பக்கத்தில் துருப்பிடித்த சூலம் நட்டிருக்கிறது, யாரோ ஒழுங்காகக் கும்பிட்டு வருகிறார்கள் என்றார். கமிஷனர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். கும்பிடுகிறவனைக் கொண்டு வாருங்கள் என்றார். விசாரித்ததில் பேர் தெரிந்தது. பழனியாண்டி, ஊசிக்கல் தோட்டத்து மேல் பிரிவில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர்.

அழைப்பாணையை எடுத்துக்கொண்டு நானே அவர் குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் போனேன். போகும்போதே எனக்கு ஒரு கவலை. அதற்கு முன்னால் கூப்பிட்ட இரண்டு சாட்சிகள், துரைமார் சண்டையில் நாங்கள் எதற்கு என்று வரமாட்டேன் என்றுவிட்டார்கள். இவரும் அப்படிச் சொல்லிவிட்டால் கமிஷனர் முகத்தில் விழிக்க முடியாது. வடக்குத் தீவுக்குப் போகிறபோது உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று அவர் எனக்குச் சொல்லியிருந்தார்.

பழனியாண்டிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கவ்வாத்துக் கத்தி பிடித்துப் பிடித்து வலது கை மரத்துண்டுபோல் ஆகியிருந்தது. பழுப்பு உறையைக் கண்டதும் அந்தக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

"ஏ ராக்காயி! இங்க வா! வந்திருச்சு!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். இடுப்பில் சுற்றிய சாக்கோடு அவர் மனைவி வாசலுக்கு ஓடி வந்தாள்.

"ஐயா, இது நம்ம பிரஜாவுரிமை விசாரணதானுங்களே? நாலு வருசமாச்சுங்க மனுப் போட்டு. மக பூரணி தலவாக்கலையில பெரிய வகுப்புப் படிக்கிறா. நேர்ஸ் வேலைக்குப் போவணும்னு ஆசப்படுறா. பிரஜாவுரிமை நம்பர் இல்லாம மனுவையே எடுக்க மாட்டாங்களாம்."

"அந்த ஒண்ணுக்குத்தானுங்க ராவும் பகலும் வேண்டிக்கிட்டிருக்கோம்" என்றாள் ராக்காயி.

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எல்லாம் அரசாங்க விசாரணைதான், பழனியாண்டி. நீ வந்து உள்ளதைச் சொல்லு. உள்ளதைச் சொன்னா ஒரு கெடுதியும் வராது." என்னைவிட இருபது வயது மூத்தவரை நீ என்றுதான் சொன்னேன். அது பிரஜாவுரிமை விசாரணை இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பிளேன்டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்தாவது அமர்வுக்குப் பழனியாண்டி சலவை வேட்டியும் யாரிடமோ வாங்கிய கோட்டுமாக வந்தார். கோட்டின் கை முழங்கையோடு நின்றது. ராக்காயி கல்யாணச் சேலை கட்டியிருந்தாள். பூரணிக்கு அன்று பரீட்சை, அவள் மட்டும் வரவில்லை. ஒரு பிஸ்கட் தகரத்தை மேசைமேல் பயபக்தியோடு வைத்துத் திறந்தார் பழனியாண்டி. பிறப்புச் சாட்சிப் பத்திரம், அரிசிப் புத்தகம், அம்மை குத்திய சீட்டு, பூரணியின் பள்ளிக்கூட ரிப்போர்ட் எல்லாம் இருந்தன.

"இது என்ன?" என்றார் கமிஷனர்.

"சாட்சிக்குக் கமிஷன்மேல் மிகுந்த மரியாதை" என்றேன் நான்.

தகரத்தை நகர்த்தி வைத்துவிட்டு விசாரணையைத் தொடங்கினார்கள். கல்லை யார் வைத்தது?

"நாந்தானுங்க வச்சேன். முப்பத்தெட்டுல பெரிய வெள்ளம் வந்துச்சுங்க. அக்கரைக்குக் கொழுந்தெடுக்கப் போன மூணு பொம்பளைங்களை ஆறு கொண்டுபோயிருச்சு. காவலுக்கு ஒரு சாமி வேணும்னு லயத்து ஆளுக எல்லாம் கூடிப் பேசுனாங்க. எங்க கொலசாமி முனியாண்டி உசிலம்பட்டிப் பக்கம் இருக்குதுங்க. அங்கேருந்து பிடிமண்ணு எடுத்தாந்தாத்தான் இங்க சாமி நிக்கும். பூசாரி வம்சம் நாந்தான். அதனால என்னைய அனுப்பினாங்க."

பிடிமண் என்றால் என்ன என்று கமிஷனர் கேட்டார். ஊரைவிட்டு வந்தவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் போட்டு, அதன்மேல் கல்லை நிறுத்திக் கும்பிடுவார்கள் என்று விளக்கினேன். மூங்கிலா அப்புக்காத்து துள்ளி எழுந்தார்.

"அப்படியானால் அந்தத் தீவில் அந்நிய தேசத்து மண் இருக்கிறது!"

சுருக்கெழுத்தர் பென்சிலைச் சீவிக்கொண்டார்.

"எவ்வளவு மண்?" என்றார் கமிஷனர்.

"ஒரு பிடிங்க."

"யாருடைய பிடி?"

"என் பிடிதானுங்க."

அந்தப் பிடியை அளக்க உத்தரவாயிற்று. கொழுந்து நிறுக்கிற தராசைக் கொண்டு வந்தார்கள், அதில் முள் அசையவே இல்லை. லொறி அனுப்பித் தலவாக்கலையிலிருந்து மளிகைக்கடைத் தராசை வரவழைத்தார்கள். பழனியாண்டி களத்து மண்ணை ஒரு பிடி அள்ளினார், நிறுத்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கை இதே அளவு இருந்ததா என்று அரசாங்கத் தரப்பு கேட்டது. "அப்ப இம்புட்டுக் காய்ப்பு இல்லீங்க" என்றார் அவர். அப்படியானால் காய்ப்பின் கனத்தால் உள்ளங்கை சுருங்கியிருக்கும், பழைய பிடி இதைவிடப் பெரிது என்று ஊகித்து, தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரைக் கூப்பிட்டுக் காய்ப்பின் தடிப்பை அளக்கச் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு விரலாகப் பிடித்து அளந்தார். பழனியாண்டி கையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றார். பிரஜாவுரிமை தருவதற்கு முன்னால் கையை அளப்பார்கள்போல என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ராக்காயியும் தன் கையைத் துடைத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் இந்தியா போனதைப் பற்றிக் கேட்டார்கள்.

"போனேன்னு சொல்ல முடியாதுங்க" என்றார் பழனியாண்டி.

கமிஷனருக்கு அது விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. பழனியாண்டி பொறுமையாகச் சொன்னார். சாமி காரியத்துக்குக் காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாது. ஆனால் பிடிமண் எடுக்க எல்லை தாண்டியாக வேண்டும். ஆகவே லயத்து ஆட்கள் ஊசிக்கல் மண்ணில் ஒரு பிடி எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து, அவர் இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். அது இடுப்பில் இருக்கிறவரைக்கும் அவர் எங்கே நின்றாலும் ஊசிக்கல் மண்ணில் நிற்பதாகத்தான் கணக்கு. லயத்தில் அவருடைய தட்டைக் கவிழ்க்கவில்லை. ராக்காயி தினமும் அதில் ஒரு கை சோறு போட்டுவிட்டுத்தான் சாப்பிட்டாள். திரும்பி வந்து, இடுப்பு முடிச்சை அவிழ்த்து மண்ணை எடுத்த இடத்தில் போட்டபிறகுதான் காப்பைக் கழற்றினார்கள். பிரஜாவுரிமை மனுவில், நாட்டைவிட்டுப் போனதுண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று அவர் எழுதச் சொன்னதும் இதனால்தான். அது பொய் என்று அவருக்குக் கனவிலும் தோன்றியதில்லை.

"ஆக, இலங்கை மண் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஏற்றுமதி செய்யப்பட்டிருக்கிறது" என்றார் அரசாங்கத் தரப்பு வக்கீல். ஏற்றுமதியாகி அதே மண் திரும்பி வந்துவிட்டதா, வழியில் சிந்தவில்லையா என்று அரை மணி நேரம் கேட்டார்கள்.

"அங்கே எவ்வளவு காலம் தங்கினாய்?" என்றார் கமிஷனர்.

பழனியாண்டி யோசித்துவிட்டு, "ஒரு வருசம்போல ஆச்சுங்க" என்றார்.

இந்த இடத்தில் நான் செய்ததைத்தான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். ஒரு வருஷம்போல என்று சொன்னார், அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். என் வேலை அவ்வளவுதான். ஆனால் எனக்கு அன்று கெட்டிக்காரத்தனம் பொங்கிக்கொண்டு வந்தது. போல என்பது ஒரு மொழிபெயர்ப்பா? கமிஷனர் பக்கம் திரும்பி, "ஒரு நிமிஷம், துல்லியமாகக் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். எந்த நாள் போனாய், எந்த நாள் வந்தாய் என்று கிண்டிக் கிண்டிக் கேட்டேன்.

அந்தப் பாவி மனுஷன் ஒன்று விடாமல் சொன்னார். பிடிமண்ணை மாசிச் சிவராத்திரி அன்றைக்குத்தான் அள்ள வேண்டும். முப்பத்தொன்பதில் சிவராத்திரிக்கு முந்தின நாள்தான் இங்கிருந்து கிளம்ப முடிந்தது, போய்ச் சேர்வதற்குள் இரண்டு நாள் பிந்திவிட்டது. இனி அடுத்த சிவராத்திரிதான். வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? கோயிலிலேயே தங்கிக் கிடந்தார். அடுத்த வருஷம் சிவராத்திரி இன்னும் தள்ளி வந்தது. மண்ணை அள்ளிக்கொண்டு அன்றைக்கே ஓடி வந்தவரை, இலங்கைக்குக் கப்பலேறுகிறவர்களை நிறுத்துகிற மண்டபம் கேம்பில் நோய்ச் சோதனை என்று ஆறு நாள் அடைத்து வைத்தார்கள். நான் பஞ்சாங்கத்தை வரவழைத்து, விரல்விட்டு எண்ணி, கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு அறிவித்தேன்:

"பன்னிரண்டு மாதம், இருபத்தாறு நாள்."

பன்னிரண்டு மாதத்துக்குமேல் ஒரு நாள் வெளியே இருந்தாலும் பிரஜாவுரிமைச் சட்டத்தில் வசிப்பு அறுந்துபோகும். அது எனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு வருகிற தோட்டத்து ஆட்களுக்கு நானே எத்தனை தடவை விளக்கியிருக்கிறேன்! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை. கமிஷனர் என்னைப் பார்த்துத் தலையசைத்து, "பிரமாதம், மிஸ்டர் சண்முகராஜா, இப்படி ஒரு துல்லியத்தை நான் பார்த்ததில்லை" என்றார். காது இரண்டும் சூடாகிவிட்டது எனக்கு. ஞாபகம் வந்தபோது சுருக்கெழுத்தர் பக்கத்தைத் திருப்பிவிட்டார். எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் துல்லியம் என்ன ஆவது?

"நல்லாச் சொன்னேனுங்களா?" என்று கேட்டார் பழனியாண்டி, தகரத்தை மூடிக்கொண்டே.

"நல்லாச் சொன்னே" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று அமர்வு மண்ணுக்காகவே நடந்தது. கொழும்பிலிருந்து வந்த மண் நிபுணர் திட்டில் எட்டு இடத்தில் தோண்டி, எட்டுப் போத்தலில் அடைத்துக்கொண்டு போய், இரண்டு மாதம் கழித்துக் கையை விரித்தார். பதினைந்து வருஷம் ஒரே மழையில் நனைந்து, ஒரே வேரில் ஊறி, இரண்டு மண்ணும் ஒன்றாகிவிட்டன, எது எந்தத் தேசம் என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் கருவி இல்லை என்றார். ஊசிக்கல் துரையோ, அந்த முனி எங்கள் தோட்டத்து முனி, நாங்கள் தலைமுறை தலைமுறையாக வணங்குகிறோம் என்று கைப்படக் கடிதம் எழுதி அனுப்பினார். பூசைக்கு அரை நாள் லீவு கேட்ட பழனியாண்டியை இதே துரைதான் ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று துரத்தினவர்.

ஒன்பதாவது அமர்வில் கமிஷனர் தீர்ப்பை வாசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல கம்பீரமான குரலில் வாசித்தார்.

"சர்ச்சைக்குரிய அந்த மண் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் இந்த நாட்டுக்குள் வந்தது. வந்த நாள் முதல் ஒரு நாளேனும் வெளியே போகவில்லை. வெளிநாட்டுக்கு எதையும் அனுப்பவில்லை. அங்கே திரும்பிப் போகும் எண்ணம் அதற்கு இருந்ததாகச் சாட்சியம் இல்லை. இந்த நாட்டு மண்ணோடு பிரிக்க முடியாமல் கலந்துவிட்டது. இதற்குமேல் ஒரு மண்ணிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? ஆகவே அது வசிப்பால் இந்த நாட்டுக்கு உரியது. கல்லோ இதே ஆற்றில் பொறுக்கியது. ஆகவே அது பிறப்பால் உரியது. இரண்டும் சேர்ந்து கிடக்கிற தீவு முடிக்குரியது. அதன் வரலாற்றுப் பெருமையைக் காக்கும்பொருட்டு இனி யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. ஆளில்லாமல் இருப்பதே அந்தத் தீவின் சிறப்பு. சாட்சி பழனியாண்டியின் வாக்குமூலம் பல திணைக்களங்களுக்கும் பயன்படும் என்பதால் அதன் பிரதிகளை எல்லாக் கந்தோர்களுக்கும் அனுப்ப உத்தரவிடுகிறேன்."

கை தட்டினார்கள். அதற்குள் இரண்டு துரைமாரும் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டிருந்தார்கள். கமிஷன் அறிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் வந்தது. வடக்குத் தீவுக்குக் கமிஷன் வரவேயில்லை, கமிஷனர் கடைசிவரை காத்திருந்தார். பழனியாண்டி அந்த வருஷம் மாசிச் சிவராத்திரிக்கு ஆற்றின் கரையில் நின்றே சூடம் காட்டினார் என்று கேள்விப்பட்டேன்.

பிரதிகளை அனுப்பும் கடிதங்களில் மொழிபெயர்ப்பு சரியானது என்று கையெழுத்துப் போட்டது நான். மொத்தம் பதினேழு கையெழுத்து. பிரஜாவுரிமைக் கந்தோருக்குப் போகிற பிரதி கைக்கு வந்தபோது பேனாவைக் கீழே வைத்தேன். அதை மட்டும் எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? கேட்டால்? கேட்டால் உத்தியோகம் போகும். பேனாவை எடுத்துக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, நான் அப்பாவின் கடையில் இருந்தபோது பழனியாண்டி வந்தார். கூடப் பூரணி வந்திருந்தாள். அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில், இரட்டைப் பின்னலோடு, ஒரு பழுப்பு உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"காயிதம் வந்திருச்சுங்க ஐயா" என்றார் பழனியாண்டி. "இவ படிச்சா. படிச்சதிலேருந்து வாயத் தொறக்க மாட்டேங்குறா. ஐயாகிட்டக் காட்டுனா வெவரமாச் சொல்லுவீங்கன்னு கூட்டியாந்தேன்."

வாங்கிப் படித்தேன். மனு நிராகரிக்கப்படுகிறது. மனைவி ராக்காயி, மகள் பூரணி ஆகியோரின் கோரிக்கையும் அதோடு விழுகிறது. காரணம், மனுதாரர் பன்னிரண்டு மாதமும் இருபத்தாறு நாளும் நாட்டைவிட்டு வெளியே இருந்திருக்கிறார், மனுவில் அதை மறைத்திருக்கிறார். ஆதாரம், தீவு வரலாற்றுக் கமிஷன் முன்னால் அவரே தந்த வாக்குமூலம். கீழே, நாள் கணக்கைச் சரிபார்த்து உறுதிப்படுத்தியவர் என்று என் முழுப் பேர்.

"கிடைக்கலைண்ணே" என்றேன். அண்ணே என்று அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஊருக்குப் போனது ஒரு வருஷத்துக்கு மேலே ஆயிடுச்சுன்னு எழுதியிருக்காங்க."

கல்லாவில் அப்பா யாருக்கோ சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நான் ஒரு வருசம்போலன்னுதானுங்களே சொன்னேன்?" என்றார் பழனியாண்டி. கோபமாகக் கேட்கவில்லை. தனக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டதோ என்று என்னிடம் சரிபார்த்துக்கொள்கிற மாதிரி கேட்டார்.

பூரணி என் கையிலிருந்த காகிதத்தில் விரலை வைத்தாள்.

"இங்க உங்க பேரு போட்டிருக்குங்க" என்றாள்.

"ஐயா பேரா?" பழனியாண்டி குனிந்து, படிக்கத் தெரியாத அந்த வரியை உற்றுப் பார்த்தார். முகம் மாறியது. கண் கலங்கிவிட்டது அவருக்கு. "பாத்தியா புள்ள! நமக்காக ஐயா தன் பேரையே குடுத்து எழுதிப் பாத்திருக்காரு. பெரிய எடத்துல நம்மளுக்குன்னு பேச வேற யாரு இருக்கா? நம்மளுக்குத்தான் குடுத்து வைக்கல. ஐயாவைக் கும்புட்டுக்க."

பூரணி அசையவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா நிமிர்ந்து, நம் மகனுக்கு எவ்வளவு மரியாதை என்று பெருமையோடு பார்த்தார். நான் காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டேன்.

"கும்புட்டுக்க தாயி" என்றார் பழனியாண்டி மறுபடியும்.

பூரணி கையைக் கூப்பினாள். தலையைக் குனியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கூப்பினாள்.

நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.